கோட்டுக்கு வெளியே போன கால் எப்போது உள்ளே வரும்?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறேன். "லைனை மிதிக்காதே" என்றால் போதும், "மிஸ், எங்க வீடே லைன்லதானே" என்று சிரிப்பார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தைத்தான் லைன் என்கிறார்கள். லயத்தில் நின்றால் வீட்டில் நிற்கிறோம். கோர்ட்டில் கதை வேறு. 5 சென்ரிமீற்றர் அகலக் கோடு முழுக்க வெளிதான். பெருவிரல் நுனி பட்டாலும் நீங்கள் வெளியே. வெளியே நிற்கும் இன்னொரு ஆட்டக்காரர்மேல் கை பட்டால் மட்டும் பரவாயில்லை.

பந்து கோட்டைத் தாண்டிக் காற்றில் போகிறதா? இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. எங்கள் கோர்ட்டின் ஓரத்தில் தண்ணீர் ஓடும் கான், அதற்குக் கீழே தேயிலைச் சரிவு. பந்து அங்கே விழுவதற்குள், உள்ளே காலூன்றி எம்பி அந்தரத்திலேயே தட்டி உள்ளே போடலாம். பிறகு நீங்கள் கானுக்குள் விழுந்தாலும் தவறில்லை. சிராய்ப்பு உங்கள் பாடு.

அந்தரத்தில் இருப்பவர் கடைசியாக எங்கே கால் வைத்தாரோ, அங்கேயே நிற்பதாகத்தான் கணக்கு. திரும்பி வரும்போது பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். பள்ளிக்கூட நாளில் நானும் மாட்டினேன். வெளியிலிருந்து உள்ளே பாய்ந்தபடியே பந்தைப் பிடித்தேன், இரண்டு காலும் உள்ளேதான் இறங்கின. விசில்! பந்து எதிரணிக்கு. நடுவருக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வாரம் புலம்பினேன். விதியைப் படித்த பிறகு வாயைத் திறக்கவில்லை.

அதனால் இப்போது வெயில் காயும் நாளில் கோட்டுக்கு வெளியே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிடுவேன். பிள்ளை அதில் சப்பாத்தை நனைத்துக்கொண்டு நிற்கும். நான் பந்தை உள்ளே உருட்டுவேன். உள்ளே ஈரத்தடம் விழுந்த பிறகுதான் பந்தில் கை படலாம். ஒரு கால் போதும், மற்றது அந்தரத்தில் இருக்கலாம். பின்கால் இன்னும் தண்ணீரில் இருந்தால் வெளியேதான். மற்றப் பிள்ளைகள் குனிந்து தடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். என்னைவிடக் கண்டிப்பானவர்கள்!

அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் பார்த்தவர்கள் குழம்பலாம். அங்கே தானாக வெளியே போனவர், திரும்பி வந்து முதல் ஆளாகப் பந்தைத் தொட்டால் தவறு. நாங்கள் ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் (FIBA) விதி. ஓடிய வேகத்தில் வெளியே போனவர் உள்ளே காலூன்றிவிட்டால் தாராளமாகத் தொடலாம்.

ஆட்டத்தைத் திரும்பத் தொடங்க வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிபவருக்கு 5 விநாடிதான் அவகாசம். எறிந்ததும் உள்ளே ஓடி வரலாம், ஆனால் வேறொருவர்மேல் பந்து படும்வரை தொடக்கூடாது.

பின்னேரம் பனி மூடினால் கோடே தெரியாது. அன்றைக்குப் பந்தைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.