பூனை உலவும் வீட்டில் கம்பளி நூல்: என் அனுபவம்

பாதி முடிந்த குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) சால்வையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து சென்ற ஐந்து நிமிடங்களுக்குள், எங்கள் பூனை நூற்கண்டை உருட்டிச் சென்று மேசைக் கால்களைச் சுற்றிச் சிக்கலாக்கியிருந்தது. பிரிந்துபோன மூன்று வரிசைகளை மறுபடியும் போட்டுக்கொள்ளலாம். அதன் வாயருகே எச்சிலில் நனைந்து கிடந்த நூல்தான் என்னைப் பதற வைத்தது. பூனையின் நாக்கிலுள்ள சிறு முட்கள் தொண்டைப் பக்கமாகச் சாய்ந்திருப்பதால், உள்ளே போன நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது. விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடவும் கூடும். (நுனி வெளியே தெரிந்தாலும் இழுக்கக் கூடாது, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.) நல்லவேளையாக நூல் அறுபடவில்லை.

அன்றே ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் நூல் மட்டும் நுழையுமளவு துளையிட்டு, நூல் சிக்காதபடி விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, கண்டை அதற்குள் வைத்தேன். இப்போது எழும்போதெல்லாம் கடைசிக் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டி, பின்னல், ஊசி, வெட்டிய துண்டுகள் அனைத்தையும் அலமாரியில் பூட்டிவிடுகிறேன். பின்ன உட்காருமுன் பத்து நிமிடம் பூனையோடு விளையாடுவதே எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது. களைத்த பூனை என் காலடியிலேயே உறங்கிவிடுகிறது.