புதிதாக வாங்கிய பழைய எம்ஜிபி: கழற்றும் முன் கண்டுபிடியுங்கள்

என் எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) 1969-இல் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்த வண்டி. இங்கே இங்கிலாந்தில் அதை வாங்கியபோது, இருபது நிமிடம் ஓடினால் நின்றுவிடுகிறது, கார்புரேட்டரை மாற்ற வேண்டியிருக்கும் என்று விற்றவர் சொன்னார். கார்புரேட்டரில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு, பிளக்குக்குப் பொறி தரும் அமைப்பில் உள்ள கண்டென்சர் என்ற சிறு பாகத்தில் இருந்தது. விரல் நுனி அளவுதான் இருக்கும், விலையும் சொற்பம். அதைக் கண்டுபிடித்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். காரணம் தெரியும் முன்பே சாமான் வாங்குவதில்தான் புதியவர்களின் பணம் கரைகிறது.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதனால் உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. இன்ஜின் 1798 சிசி, பி-சீரிஸ். நம் ஊர் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான். அம்பாசடரில் கைவைத்துப் பழகியவருக்கு எம்ஜிபியின் பானெட்டைத் திறந்ததுமே பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

தொடங்கும் முன்

அங்குல அளவு ஸ்பேனர்கள் வாங்குங்கள். 7/16, 1/2, 9/16 மூன்றும்தான் அடிக்கடி கைக்கு வரும். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து அழுத்தினால் நட்டின் முனை மழுங்கிவிடும். ஃபீலர் கேஜ், டெஸ்ட் லாம்ப், ஜாக்கியோடு இரண்டு ஸ்டாண்டு, ஒரு நோட்டு இருந்தால் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்.

இங்கே நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாதிருந்தால், வருடாந்திர எம்ஓடி சோதனை (சாலைத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை. இருந்தாலும் ஒருமுறை காசு கொடுத்துச் சோதித்துவிடுங்கள். பழைய சோதனைகளின் விவரம் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்த்தால், எந்தக் குறை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது என்று தெரியும்.

1. பிரேக்

வண்டி ஓடாவிட்டால் யாருக்கும் ஆபத்தில்லை. நிற்காவிட்டால்தான் ஆபத்து. என் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஹைட்ராலிக் சுற்றுதான். ஒரு குழாய் விட்டுப்போனாலும் கால் பிரேக் மொத்தமாகப் போய்விடும்.

பெடலை அழுத்தி அப்படியே முப்பது விநாடி வைத்திருங்கள். மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய்விட்டது. பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், முன் சக்கர டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் இறுகியிருக்கலாம், அல்லது ரப்பர் ஹோஸ் உள்பக்கமாக ஊதிப்போயிருக்கலாம். ஊதிய ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். அழுத்தத்தை உள்ளே விடும், திரும்ப விடாது. வயது தெரியாத ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். புது டாட் 4 பிரேக் ஆயிலும் போடுங்கள். அது பெயிண்டை அரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வருடம் தாண்டியிருந்தால், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

2. துரு

கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பகுதிதான் இந்த வண்டியின் முதுகெலும்பு. ரோட்ஸ்டருக்குக் கூரை கிடையாது, எடையெல்லாம் அதில்தான் நிற்கிறது. துணி சுற்றிய காந்தத்தை அதன் மேல் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். பிறகு ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவு இடைவெளியைக் கவனியுங்கள். தூக்கும்போது இடைவெளி மாறினாலோ கதவு இறுகினாலோ சில் பலவீனமாகிவிட்டது. அது வெல்டிங் தெரிந்தவருக்கான வேலை. மற்ற செலவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

3. பேட்டரியும் எர்த்தும்

இருக்கைகளுக்குப் பின்னால் தரையில் மூடி இருக்கும். பழைய எம்ஜிபிகளில் அங்கே ஆறு வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். 1967 வரை வந்தவற்றில் பாசிட்டிவ்தான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். சார்ஜரையோ ரேடியோவையோ இணைக்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை, டக் என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறதா? மோட்டாரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். டெர்மினலில் களிம்பு பூத்திருக்கும், அதைத் தேய்த்து எடுங்கள். அடுத்து, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பாருங்கள். அது அறுந்தாலோ துருப்பிடித்தாலோ, செல்ஃப் போடும்போது கரண்ட் வேறு வழி தேடி சோக் கேபிள் வழியாகப் பாயும். சோக் கேபிள் சுட்டால் நோய் அங்கேதான்.

வயர்களின் நிறத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பழுப்பில் எப்போதும் கரண்ட் இருக்கும், ஃப்யூஸும் கிடையாது. வெள்ளையில் சாவி போட்டால் வரும். பச்சையில் சாவி போட்டால் ஃப்யூஸ் வழியாக வரும். கறுப்பு எர்த். பழைய உரிமையாளர் யாராவது இஷ்டப்படி வேறு நிறத்தில் வயர் இழுத்திருந்தால், முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

4. பொறி

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். கார்புரேட்டர் மேல் பழி விழும் கோளாறுகளில் பல இங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

வண்டி நின்றுபோனால், ஆறுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு எல்லாம் சரியாகவே இருக்கும். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரோடு மாட்டி, உடல் பகுதி இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து, இன்னொருவரை செல்ஃப் போடச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் இதைச் செய்யாதீர்கள். நீலமாகப் பளிச்சென்று அடித்தால் பொறி நன்றாக இருக்கிறது. மஞ்சளாக மங்கினாலோ வராமலே போனாலோ மேலே தொடருங்கள்.

டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை எர்த்தில் வைத்து, மறுமுனையைக் காயிலின் (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) வெள்ளை வயரில் தொடுங்கள். எரிய வேண்டும். பிறகு, பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பக்கத்தில் தொட்டு, செல்ஃப் போடுங்கள். விட்டு விட்டு எரிந்தால் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தொடுமுனை) திறந்து மூடுகிறது. ஒரேயடியாக எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அழுக்காகிவிட்டது. எரியவே இல்லையென்றால் பாயிண்டோ அதன் வயரோ எங்கேயோ எர்த் ஆகியிருக்கலாம். கேம் மேட்டில் பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மிமீ. பிளக்குக்கு 0.025 அங்குலம். ஃபயரிங் வரிசை 1-3-4-2.

என் வண்டியில் லாம்ப் ஒழுங்காகவே விட்டு விட்டு எரிந்தது. ஆனால் சூட்டில் நின்ற நேரத்தில் பொறி மஞ்சளாக, நூல் போல இருந்தது. கண்டென்சரை மட்டும் மாற்றினேன். அன்று மாலை ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. காயிலையும் சேர்த்து மாற்றியிருந்தால் எது குற்றவாளி என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் எழுதி, ஓட்டிப் பாருங்கள்.

5. பெட்ரோல்

சாவியைப் போட்டதும் பின்பக்கத்திலிருந்து டிக் டிக் என்று கேட்கும். அது எஸ்யூ மின்பம்ப். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறை நிறைந்ததும் சத்தம் நின்றுவிட வேண்டும். சத்தமே இல்லையென்றால் முதலில் அதற்குக் கரண்டும் எர்த்தும் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் வந்தால் பம்பை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். உயிர் வந்தால் அதன் பாயிண்ட் தேய்ந்திருக்கிறது. நிற்காமல் டிக் டிக் அடித்தால் டாங்கி காலியாக இருக்கலாம், வழியில் காற்று இழுக்கலாம், அல்லது மிதவை வால்வு மூடாமல் பெட்ரோல் வழியலாம். சூடான சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருப்பதால், வழிகிறதா என்று உடனே பாருங்கள்.

2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. அது பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். எத்தனால் குறைவாக உள்ள இ5 சூப்பர் போடுங்கள், குழாய்களையும் புதுசாக்குங்கள்.

6. கடைசியாகக் கார்புரேட்டர்

என் வண்டியில் இருப்பது எஸ்யூ எச்எஸ்4 என்ற மாடல் கார்புரேட்டர் இரண்டு. மேலே இருக்கும் டாம்பர் மூடியைத் திறந்து எஸ்ஏஇ 20 எண்ணெய் விடுங்கள். காற்று வடிகட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். எண்ணெயின் எதிர்ப்போடு ஏறி, டக் என்று விழ வேண்டும்.

இன்ஜின் சூடான பிறகு, கார்புரேட்டரின் அடியிலுள்ள தூக்கு ஊசியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. லேசாகக் கூடித் தணிந்தால் சரி. கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ஜெட் நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். அறுகோணத்தின் ஒரு பக்கம் திருப்பி, மறுபடி சோதித்து, பிறகு அடுத்த பக்கம்.

7. முதல் ஓட்டம்

20டபிள்யூ-50 எண்ணெய் போட்டு, ஐந்து மைலுக்கு மேல் போகாமல் திரும்புங்கள். சூடான பிறகு சாலை வேகத்தில் ஆயில் பிரஷர் முள் 50 பிஎஸ்ஐ-க்கு மேல் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நான்கு சக்கரத்தின் நடுப்பகுதியிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் விடவில்லை. அந்தச் சக்கரத்தைக் கழற்றிச் சரிசெய்துவிட்டு, மறுபடி அதே ஐந்து மைல்.