ஜாம் போத்தலில் வரும் மழைத்தண்ணீர்

கடலோரப் பாடசாலைகளில் பிள்ளைகள் கரையில் பிளாஸ்டிக் பொறுக்கிப் படிக்கலாம். மலையகத்துத் தலவாக்கலையில் நமக்குக் கடல் இல்லை. ஆனால் இங்கே ஓடும் கொத்மலை ஓயா மகாவலியோடு சேர்ந்து திருகோணமலையில்தான் கடலைத் தொடுகிறது. அதனால் சுற்றாடல் பாடத்தை நான் மண்ணில், மழை மண்ணை அரித்துச் செல்வதில் தொடங்குவேன்.

5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் மூன்றைப் படுக்கவைத்து, மேல்பக்கத்தை நீளவாக்கில் வெட்டியெடுங்கள். கத்தி பிள்ளைகளிடம் வேண்டாம், உங்கள் கையிலேயே இருக்கட்டும். மூன்றிலும் ஒரே இடத்து மண்ணை அமுக்கி நிரப்புங்கள். ஒன்று வெறும் மண். இரண்டாவதன் மேல் காய்ந்த மானாப்புல்லைப் பரப்புங்கள். மூன்றாவதில் புல்லை வேரோடு நட்டு, இரண்டு வாரம் பிடிக்க விடுங்கள். மூன்றையும் ஒரே சரிவில் சாய்த்து, ஒவ்வொன்றின் கழுத்துக்குக் கீழும் ஒரு ஜாம் போத்தல் வையுங்கள்.

முதல் வருடம் நான் தண்ணீரை வாளியோடு கவிழ்த்துவிட்டேன். மூன்றிலும் ஒரே சேறு, பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. ஆணியால் துளையிட்ட பால்மா டின்னில் அரை லீற்றர் ஊற்றினால் போதும், மழைபோலச் சொட்டும். ஊற்றுமுன் எது கலங்கும் என்று கேளுங்கள்.

போன தவணை, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் ஒருத்தி வெறும் மண்ணின் ஜாம் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள்: "எங்க லயத்துக் கான்ல ஓடுற தண்ணி இந்த நிறந்தான் டீச்சர்."

மறுநாள் எல்லோருமாக அந்த வடிகானைப் பார்க்கப் போனோம்.