வெடிச்சத்தத்திலிருந்து செவியைக் காத்தல்: படைவீரர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் படைப்பணியை முடித்து இழப்பீடு பெறுவோரிடையே மிக அதிகமாகப் பதிவாகியுள்ள பாதிப்பு குண்டுக்காயமன்று. காதுக்குள் ஓயாமல் ஒலிக்கும் இரைச்சல். செவித்திறன் குறைவும் அந்தப் பட்டியலின் முன்வரிசையில்தான் இருக்கிறது. காதடைப்பான் கொடுக்கப்படும் ஒரு படையிலேயே இந்த நிலை என்றால், அது சரியாகப் பொருந்தாமல் போவதையும், கட்டளை கேட்காதோ என்ற அச்சத்தில் வீரர்கள் அதைக் கழற்றிவிடுவதையும் முதலில் கவனிக்க வேண்டும்.

எஞ்சின், ஹெலிகாப்டர், ஜெனரேட்டர் ஆகியவற்றின் தொடர் சத்தத்துக்கு நேரக்கணக்கு உண்டு. ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல் கணக்கில், 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். எனவே 100 டெசிபலைத் தாண்டி இரையும் கவச வாகனத்துக்குள் வெறுங்காதோடு கால் மணி நேரம் இருந்தாலே அன்றைய அளவு தீர்ந்துவிடும். துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெடிப்பொலியின் உச்சத்துக்கு 140 டெசிபல் வரம்பாக வைக்கப்பட்டிருக்க, 5.56 மி.மீ. ரைஃபிள் சுடுபவரின் காதருகிலேயே 150 டெசிபலைத் தாண்டுகிறது. தோளில் வைத்துச் சுடும் பீரங்கியான கார்ல் குஸ்தாவ் 180 டெசிபலை எட்டுகிறது. உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை என்பதால், 'ஒரு ரவுண்டுதானே' என்று பாதுகாப்பில்லாமல் சுடுவதற்கு இடமே இல்லை.

நுரைக் காதடைப்பானைப் பொருத்தச் சுத்தமான கை வேண்டும். அதை விரல்களுக்கிடையே சுருக்கமோ மடிப்போ விழாமல் மெல்லியதாக உருட்டிக்கொண்டு, மறுகையைத் தலைக்குப் பின்புறமாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால், வளைந்திருக்கும் செவிக்குழல் நேராகும். உடனே உள்ளே செலுத்தி, நுரை விரிந்து நிரப்பும் வரை சுமார் 30 விநாடிகள் விரலால் தாங்கிப் பிடிக்க வேண்டும். இந்த 30 விநாடிகளைத்தான் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள். பொருத்திய பின், சத்தமுள்ள இடத்தில் இரு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக மூடிப் பாருங்கள். அப்போது சத்தம் மேலும் வெகுவாகக் குறைந்தால், காதடைப்பான் சரியாக அமரவில்லை. கட்டளைகளை உரக்கச் சொல்லும்போதும் எதையாவது மெல்லும்போதும் தாடை அசைவால் அது தளரும் என்பதால், சுடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

30 டெசிபல் குறைக்கும் சாதனத்தை 8 மணி நேரப் பணியில் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தாலும், அன்றைய மொத்தப் பாதுகாப்பு ஏறத்தாழ 12 டெசிபலாகச் சுருங்கிவிடும். ஆகவே சுடுதளத்துக்குள் நுழையுமுன் அணிந்து, வெளியேறிய பிறகே கழற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அருகில் நிற்பவர் சுடும் சத்தமும் அதே அளவு தீங்கானது. நாள் முழுவதும் அங்கேயே நிற்கும் பயிற்றுநர்தான் எல்லோரையும்விட அதிகமாகப் பாதிக்கப்படக்கூடியவர்.

பேச்சைக் கேட்டே தீர வேண்டிய பணியில், சிறு துளை வழியே மெல்லொலியை உள்ளே விட்டு வெடிப்பொலியை மட்டும் தடுக்கும் வகையோ, மின்னணு வகையோ உதவும். ஆனால் துளை வகையை எஞ்சின் சத்தத்துக்கு நம்பக் கூடாது. அங்கே முழுதாக மூடும் வகையே தேவை. சாதனம் நன்றாக இருப்பதாகச் சொல்லப்பட்டாலும் அது தன் காதில் அமர்கிறதா என்பதை வீரரே பார்க்க வேண்டும். அமெரிக்கப் படைகளுக்கு வழங்கப்பட்ட ஒரு காதடைப்பான் நீளம் குறைந்ததாக இருந்ததால் மெல்லத் தளர்ந்துவிட்டது என்ற குற்றச்சாட்டில் தொடரப்பட்ட வழக்குகளை, அதை விற்ற த்ரீ எம் நிறுவனம் பொறுப்பை ஏற்காமலேயே 2023-ல் சுமார் 600 கோடி டாலருக்குத் தீர்த்துக்கொண்டது. கனரக ஆயுதங்களுக்குக் காதடைப்பானின் மேல், காது மடலை முழுதாக மூடும் காதுறையும் அணிய வேண்டும். இரண்டும் சத்தத்தைக் குறைக்கும் அளவுகளைக் கூட்டிக் கணக்கிடாதீர்கள், கூடுதலாகக் கிடைப்பது 5 முதல் 10 டெசிபல் வரைதான். மூக்குக்கண்ணாடியின் கைகள் காதுறையின் விளிம்பைத் தூக்கிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் குண்டைச் சுடுவதற்கு முன்பே செவித்திறனை வரைகோடாகக் காட்டும் ஆடியோகிராம் சோதனையை அடிப்படையாக ஒருமுறை எடுத்துவிடுங்கள். ஒப்பிட ஏதுமில்லாவிட்டால் பிற்காலச் சோதனைகளின் பயன் பாதியாகிவிடும். இந்த அடிப்படைச் சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் சத்தத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டி வரைகோடு பள்ளமாக இறங்கினால் அது சத்தத்தால் வந்த சேதத்தின் வழக்கமான அடையாளம்; வலக்கைக்காரர்களுக்கு அது பெரும்பாலும் குழல்முனையை நோக்கியிருக்கும் இடக்காதில் கூடுதலாகத் தெரியும்.

சுட்ட பின் காது அடைத்ததுபோல் இருந்தாலோ இரைந்தாலோ, உடனே அங்கிருந்து விலகி ஓய்வு கொடுங்கள். அடுத்த நாள் சரியாகிவிட்டாலும் அதை எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும். செவித்திறன் சட்டென்று குறைந்திருந்தால், ஸ்டீராய்டு சிகிச்சைக்கான காலம் குறுகியது என்பதால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரைச்சல் நிலைத்துவிட்டால் அதை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. செவிக்கருவி, பின்னணி ஒலி, மனநல ஆலோசனை ஆகியவை அதன் தொந்தரவைக் குறைக்க உதவுகின்றன. எந்த நாளில், எந்த ஆயுதத்தின் அருகில், எந்தப் பாதுகாப்போடு இருந்தபோது பாதிப்பு நேர்ந்தது என்பதைப் படையின் மருத்துவப் பதிவேட்டில் அப்போதே எழுதச் சொல்லுங்கள். பிற்கால ஓய்வூதியக் கோரிக்கைக்கு அந்தப் பதிவு தேவைப்படலாம்.