நூல் விலை ஏறும்போது புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி, பீஸுக்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்க்கும் தன் காஸ்டிங் ஷீட்டைக் காட்ட வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. நூல், நிட்டிங், சாயம், கட்டிங், பவர் டேபிள் (தையல்) கூலி, அயர்னிங், பேக்கிங் என்று எல்லாம் வரிசையாக இருந்தது. "நூலுக்கு எந்த ரேட் போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். "குடோன்ல இருக்கிற நூல்ங்கண்ணா. மூணு மாசத்துக்கு முன்னாடி வாங்கின ரேட்டுதான் போட்டிருக்கேன்" என்றார்.

2021இல் நான் போட்ட ஷீட்டும் இதேதான். வேஸ்டேஜ் சேர்க்க மறப்பது, கூட்டலில் பிழை விடுவது போன்றவற்றை யாரும் ஒருமுறைக்கு மேல் செய்வதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன். இந்தத் தவறை மட்டும் ஆண்டுதோறும் யாராவது செய்கிறார்கள்.

வாங்கிய விலையை வைத்து ரேட் கொடுப்பது

ஒரு சாதாரண டி-ஷர்ட்டுக்கு வேஸ்டேஜ் சேர்த்துச் சுமார் 200 கிராம் நூல் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் பீஸுக்கு 2 ரூபாய் ஏறும். 2021 நவம்பரில் மில்கள் ஒரே அடியாகக் கிலோவுக்கு 50 ரூபாய் ஏற்றின. அதாவது பீஸுக்கு 10 ரூபாய்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் 20,000 பீஸ் ஆர்டர் ஒன்றை எடுத்திருந்தேன். பீஸுக்கு 8 ரூபாய் லாபம். தேவையான 4,000 கிலோ நூல் குடோனிலேயே இருந்ததால் நிம்மதியாக இருந்தேன். சரக்கு போனது, பணம் வந்தது, கணக்கில் 1,60,000 ரூபாய் லாபம். அப்புறம் அதே 4,000 கிலோவை மறுபடி வாங்கப் போனபோது 2 லட்சம் கூடுதலாகக் கேட்டார்கள். லாபம் முழுவதையும் போட்டும் குடோன் பழைய அளவுக்கு நிறையவில்லை. மீதிக்கு வட்டிக்குக் கடன் வாங்கினேன். ஏட்டில் லாபம் காட்டிய ஆர்டரால் கைமுதல் கரைந்தது என்பது புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

அதன்பிறகும் விலை நிற்கவில்லை. உலகச் சந்தையில் பஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் வந்த இறக்குமதி வரி, எல்லாம் சேர்த்து 11 சதவீதம், வெளிநாட்டுப் பஞ்சை எட்டாமல் வைத்திருந்தது. 2022 ஏப்ரல் 14 முதல் அரசு அந்த வரியைத் தற்காலிகமாக நீக்கியது. அப்படியும் மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த மாதம் 16, 17 தேதிகளில் ஊரே கம்பெனிகளை மூடிப் போராடியது.

திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டை கடைகளில் வியாபாரிகள் அப்போது கேட்டது ஒன்றுதான்: "பழைய சரக்குதானே, பழைய ரேட்டுக்குக் கொடுங்க." கேட்பவருக்கு அது நியாயம். கொடுப்பவர், விற்ற காசில் அடுத்த லாட்டுக்கு நூல் வாங்கியாக வேண்டும். பழைய சரக்கின் விலையும் ஒரே வாரத்தில் ஏறுவதைப் பேராசை என்று சிலர் பேசுவார்கள். பெரும்பாலான சின்ன கம்பெனிகளுக்கு அது அடுத்த நூலுக்கான காசு, அவ்வளவுதான்.

விலை இறங்கும்போதும் இதே கணக்குத்தான். "இன்னும் ஏறும்" என்று உச்ச விலையில் நூலை அடுக்கியவர்கள், 2022இன் பிற்பாதியில் விலை சரிந்தபோது வாங்கிய ரேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புதிய நூலில் தைத்தவர் குறைந்த ரேட் கொடுத்து ஆர்டரைக் கொண்டுபோனார். குடோனில் இருக்கும் நூலின் மதிப்பு இன்றைக்கு மில் சொல்லும் ரேட் மட்டுமே, நீங்கள் கொடுத்த காசு இல்லை.

இப்போது நான் செய்வது: கொடுக்கும் ரேட் ஏழு நாளுக்கு மட்டும் செல்லும் என்று எழுதிவிடுகிறேன். ஆர்டர் உறுதியான அன்றே அட்வான்ஸ் கொடுத்து நூலைப் புக் செய்கிறேன். ஒன்றாம் தேதி மில் ரேட் வரப்போகிறது என்றால் முந்தைய நாள் யாருக்கும் ரேட் சொல்வதில்லை.

வரிச் செய்தியின் தலைப்பை மட்டும் படிப்பது

2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி மாறியபோது "துணிக்கு வரி குறைந்தது" என்று எல்லோரும் சொன்னார்கள். 1,000 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு முன்பும் 5 சதவீதம், இப்போதும் 5 சதவீதம். 2,500 வரை உள்ளதற்கு 12 இருந்தது 5 ஆனது. அதற்கு மேல் 18 ஆக ஏறியது. 150 ரூபாய் டி-ஷர்ட் தைப்பவர் விலையைக் குறைக்க அதில் ஒன்றும் இல்லை. செயற்கை நூலுக்கு 12 இருந்தது 5 ஆனதுதான் நம் ஊருக்குப் பெரிய செய்தி, அதைப் பலர் கவனிக்கவே இல்லை.

வரி நீங்கிய மறுநாளே நூல் இறங்கும் என்று காத்திருப்பது

இடையில் திரும்பி வந்திருந்த பஞ்சு இறக்குமதி வரிக்கு 2025 ஆகஸ்ட் 19இல் மறுபடி விலக்கு கொடுத்தபோது, முதலில் செப்டம்பர் 30 வரை என்றுதான் வந்தது. ஆறு வாரம். வெளிநாட்டில் பஞ்சு வாங்கி, கப்பலில் ஏற்றி, மில்லில் நூலாக்க அது போதாது. பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள்.

வாய்வார்த்தையில் தள்ளுபடி கொடுப்பது

கூடாது. 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதமானபோது, கப்பலில் இருந்த சரக்குக்கே அங்கே வாங்குபவர்கள் தள்ளுபடி கேட்டார்கள். அங்கே இறக்குமதி செய்பவர் கட்ட வேண்டிய வரி அது. யார் எவ்வளவு சுமப்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அடி விழுந்ததும் சாம்பிள் செலவை வெட்டுவது

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்கு அந்தத் தீர்ப்பு வந்தே ஆக வேண்டியது என்பதுதான் என் எண்ணம். ஆனால் சாயக் கூலி ஏறி, பனியன் விலையிலும் அது நின்றுவிட்டது. தாக்குப்பிடித்த பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரிக்கவும், உப்புக் கரைசலையே மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தவும் கற்றன. இன்று வெளிநாட்டு பையர்களிடம் (வாங்குபவர்களிடம்) நாம் காட்டும் பெரிய தகுதி அதுதான்.

அடி விழும்போது புதிதாகக் கற்பதுதான் பின்னால் கைகொடுக்கிறது. ஆனால் நூல் ஏறியவுடன் புதியவர்கள் முதலில் நிறுத்துவது, பையர்களுக்குக் காட்டத் தைக்கும் சாம்பிளையும் புதுத் துணிச் சோதனையையும். 2022இல் நானும் நிறுத்தினேன். பக்கத்துக் கம்பெனிக்காரர் அந்த ஆறு மாதத்தில் பாலியஸ்டர் கலந்த விளையாட்டு உடைக்குச் சாம்பிள் போட்டுக்கொண்டே இருந்தார். பருத்தி ஆர்டர் வற்றிய மாதங்களில் அவர் மெஷின் ஓடியது.

தம்பியின் ஷீட்டில் சாம்பிள் என்று ஒரு வரியே இல்லை. அதையும் சேர்த்து, நூலுக்கு அன்றைய ரேட்டைப் போட்டு மறுபடி கூட்டினோம். பீஸுக்கு 7 ரூபாய் கூடியது. "இந்த ரேட்டுக்கு ஆர்டர் வருமாங்கண்ணா?" என்று கேட்டார். வராமலும் போகலாம் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு அதே ரேட்டை ஏஜென்ட்டுக்கு அனுப்பினார்.