கதவைத் தாண்டியதும் திசை மாறக்கூடாது: 360 டிகிரிப் படங்களை இணைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கக்கூடிய படங்களை இணைத்து ஒரு நூலகக் கட்டடத்துக்கு 360 டிகிரிச் சுற்று ஒன்றைச் செய்து முடித்து, அந்தக் கட்டடத்தையே பார்த்திராத ஒருவரிடம் கைப்பேசியில் கொடுத்தேன். தாழ்வாரத்தில் தொடங்கினார். எதிரே வாசலில் இருந்த அம்புக்குறியைத் தொட்டார். வாசிப்பு அறை திறந்தது. கண்ணெதிரே இன்னோர் அம்புக்குறி இருந்தது, அதையும் தொட்டார். மறுபடி தாழ்வாரம். நான்கு முறை இப்படிப் போய்வந்த பிறகு, “உள்ளேயே போகமுடியவில்லையே” என்றார்.

இணைப்பு எதிலும் பிழை இல்லை. அறைக்குள் நுழைந்ததும், தான் வந்த வாசலையே பார்த்தபடி அவர் நின்றிருந்தார். முன்னால் தெரிந்த அம்புக்குறி வெளியே போவதற்கானது. மேசைகளும் அலமாரிகளும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

ஹாட்ஸ்பாட், அதாவது படத்தின்மேல் வைக்கும் தொடுகுறி, வைப்பதை வலைப்பக்கத்தில் இணைப்பு கொடுப்பதுபோல நினைத்து, எந்தப் படம் திறக்கவேண்டும் என்பதை மட்டும் குறித்துவிட்டுப் பலர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். பார்ப்பவருக்கோ அது ஓர் எட்டு எடுத்து வைப்பது. எட்டு வைத்த கணத்தில் உடம்பு தானாகத் திரும்பிக்கொண்டால் எவருக்கும் இடம் குழம்பும். நான் பார்த்தவரை சுற்றுகள் அதிகம் கெடுவது இங்கேதான் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு பனோரமாவுக்கும், அதாவது 360 டிகிரிப் படத்துக்கும், தனக்கென ஒரு பூஜ்ஜியம் உண்டு. தட்டையாக விரித்த படத்தின் நட்டநடுக் கோடு அது. அங்கிருந்து வலப்பக்கம் 180 டிகிரி, இடப்பக்கம் 180 டிகிரி. இந்தப் பக்கவாட்டுக் கோணத்தை மென்பொருள்கள் யா என்றும், மேலும் கீழுமான கோணத்தை பிட்ச் என்றும் குறிக்கின்றன. எந்தத் திசையில் திறக்கவேண்டும் என்று ஹாட்ஸ்பாட்டில் சொல்லாவிட்டால், காட்சி தன் இயல்பான தொடக்கத் திசையிலேயே திறக்கும். தொடக்கத் திசை ஒன்றுதான். அறைக்கு மூன்று வாசல்கள் இருக்கலாம். அதனால் போய்ச்சேரும் திசையை ஒவ்வொரு ஹாட்ஸ்பாட்டிலும் தனித்தனியாக எழுதவேண்டும். இத்தகைய சுற்றுகளை உலாவியில் காட்டும் பேனலம் நிரலில் இதற்கென்றே டார்கெட் யா என்ற அமைப்பு இருக்கிறது.

என்ன எண்ணைக் கொடுப்பது? கிழக்கு நோக்கி நடந்து ஒரு வாசலுக்குள் நுழைபவர், நுழைந்த பிறகும் கிழக்கையே பார்த்திருப்பார். அதைத்தான் படத்திலும் காட்டவேண்டும். தாழ்வாரப் படத்தின் நடுக்கோடு வடக்கிலிருந்து 30 டிகிரி விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவர் அதில் 60 டிகிரி வலப்பக்கம் திரும்பியிருக்கிறார். உண்மையில் அவர் பார்ப்பது வடக்கிலிருந்து 90, அதாவது நேர்க் கிழக்கு. அறைப் படத்தின் நடுக்கோடு 200 டிகிரியில் இருந்தால், 90-லிருந்து 200-ஐக் கழிக்கவேண்டும். விடை மைனஸ் 110. அதுவே அறை திறக்கவேண்டிய கோணம். ஒவ்வொரு காட்சிக்கும் வடக்கு விலகலைப் பதிந்துவைத்து, டார்கெட் யாவில் sameAzimuth என்று கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கைப் பேனலமே போட்டுக்கொள்ளும். இதைவிட எளிய வழி படம் எடுக்கும்போதே இருக்கிறது: எல்லா இடத்திலும் கேமராவின் முகத்தை ஒரே திசையில் நிறுத்துவது. அந்த ஒழுங்கு மட்டும் இருந்தால் பிறகு கழித்தலுக்கே வேலையில்லை. ஆனால் பல படங்களை ஒன்றாகத் தைக்கும் மென்பொருள் நடுக்கோட்டை நகர்த்திவிடவில்லையா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படிக்கட்டில் இந்த விதியைக் கண்மூடிப் பின்பற்றக்கூடாது. பாதிவழியில் திரும்பும் படிக்கட்டில் முதல் பகுதியை ஏறி முடிப்பவர், அடுத்த பகுதியைப் பார்க்கத் தானே திரும்பிக்கொள்வார். அங்கே பழைய திசையை வைத்தால் வெறும் சுவரைத்தான் பார்ப்பார். திருப்பங்களில் மட்டும் அடுத்து நடக்கப்போகும் வழியைப் பார்க்கும்படி கையால் கோணம் கொடுப்பதே சரி.

அந்தரத்தில் தொங்கும் அம்புகள்

எல்லா ஹாட்ஸ்பாட்டையும் கண் மட்டத்தில், பிட்ச் பூஜ்ஜியத்தில் வைப்பது இன்னொரு வழக்கம். நீண்ட தாழ்வாரத்தில் அடுத்தடுத்த மூன்று இடங்களுக்கும் இப்படி வைத்தால், மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கடைசியில் எதைத் தொட்டோம் என்றே தெரியாது. அடுத்த படம் எடுத்தபோது கேமரா நின்ற தரைப் புள்ளியில் ஹாட்ஸ்பாட்டை வையுங்கள். கேமராவின் உயரம் 1.5 மீட்டர் என்றால், 3 மீட்டர் தள்ளியுள்ள புள்ளி கண் மட்டத்துக்குக் கீழே சுமார் 26.5 டிகிரியில் விழும். 6 மீட்டருக்கு 14 டிகிரி, 12 மீட்டருக்கு 7 டிகிரி. அருகில் இருப்பது தாழ்ந்தும் தொலைவில் இருப்பது உயர்ந்தும் நிற்பதால், தூரம் என்ன என்பதைக் கண் தானே புரிந்துகொள்கிறது. கேமரா உயரத்தை மட்டும் இடத்துக்கு இடம் மாற்றாதீர்கள். மாற்றினால் பார்ப்பவர் ஓரிடத்தில் வளர்ந்து மறு இடத்தில் குள்ளமாவார்.

கண்ணுக்குத் தெரியும் எல்லா இடத்துக்கும் இணைப்பு வேண்டாம். அடுத்த எட்டுக்கு மட்டும் போதும். சுவருக்கு அப்பால் இருக்கும் அறைக்குச் சுவரிலேயே அம்பு வைப்பதும் வேண்டாம். அங்கே போக எந்த வாசல் வழியோ, அந்த வாசலில் வையுங்கள். தகவல் பெட்டி திறக்கும் குறியும் வேறிடம் கொண்டுபோகும் குறியும் ஒரே வடிவில் இருந்தால், ஓவியத்தைப் பற்றிப் படிக்கத் தொட்டவர் மாடிக்குப் போய் நிற்பார்.

படம் முடியாமல் கோணம் குறிக்காதீர்கள்

அவசரத்தில் செய்யும் இந்தத் தவறு இரண்டு நாள் வேலையை வீணாக்கும். 8192-க்கு 4096 பிக்சல் உள்ள படத்தில் கிடையாக 6144-ஆவது பிக்சல் என்பது வலப்பக்கம் 90 டிகிரி. நீங்கள் குறித்துவைத்த கோணங்கள் எல்லாம் அந்தப் படத்துக்கு மட்டுமே பொருந்தும். பிறகு படத்தை மறுபடி தைத்து, நடுக்கோடு நகர்ந்துவிட்டால், அத்தனை ஹாட்ஸ்பாட்டும் அதே அளவு விலகும். இதையாவது எல்லாவற்றோடும் ஒரே எண்ணைக் கூட்டிச் சரிசெய்துவிடலாம். சாய்ந்திருந்த அடிவானத்தை நிமிர்த்தியிருந்தால் அதுவும் நடக்காது. ஒரு பக்கம் இருப்பவை மேலே போகும், எதிர்ப்பக்கம் இருப்பவை கீழே இறங்கும். ஒவ்வொன்றையும் திரும்பக் குறிக்கவேண்டியதுதான். அடிவானம், நடுக்கோடு, நிறம் எல்லாம் முடிந்த பிறகே ஹாட்ஸ்பாட் வேலையில் கைவையுங்கள்.

சுற்றைக் காட்டும் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதும் கவனம் வேண்டும். மார்சிபானோ கோணங்களை டிகிரியில் அல்ல, ரேடியன் என்ற வேறு அளவில் கேட்கும். பேனலத்தில் கீழ்நோக்கிய கோணம் மைனஸ், கே.ஆர்.பானோவில் அதுவே பிளஸ். எண்ணை அப்படியே ஒட்டினால் தரையில் இருக்கவேண்டிய அம்பு கூரைக்கு ஏறிவிடும்.

கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் கலப்பு வேண்டாம். விண்டோஸ் கணினியில் திறக்கும் படம் லினக்ஸ் சர்வரில் திறக்காமல் போவதற்கு இதுவே பல நேரங்களில் காரணம். 8192-க்கு 4096 படம் ஒன்று, கோப்பாகச் சில எம்.பி.தான் இருந்தாலும், விரிந்து நினைவகத்தில் ஏறும்போது 128 எம்.பி. பிடிக்கும். எளிய கைப்பேசிகள் இதில் திணறும். படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி ஏற்றும் முறையைப் பயன்படுத்துங்கள். சுட்டியை மேலே கொண்டுபோனால் மட்டும் தோன்றும் பெயர்கள் தொடுதிரையில் தோன்றவே வாய்ப்பில்லை என்பதால், முக்கியமான இடங்களின் பெயரை எப்போதும் தெரியும்படி எழுதிவிடுங்கள்.

முடித்த பின் நான் தவறாமல் செய்யும் சோதனை ஒன்று உண்டு. எல்லாக் காட்சிகளையும் ஒரு காகிதத்தில் புள்ளிகளாக இட்டு, இணைப்புகளைக் கோடுகளாக இழுப்பேன். ஒவ்வொரு கோட்டின் இரு முனையிலும் வடக்கிலிருந்து கணக்கிட்ட கோணத்தை எழுதுவேன். தாழ்வாரத்திலிருந்து அறை 70 டிகிரியில் தெரிந்தால், அறையிலிருந்து தாழ்வாரம் 250-இல் தெரியவேண்டும். வித்தியாசம் எப்போதும் 180. ஒரு கோட்டில் மட்டும் அது தவறினால் அங்கே ஹாட்ஸ்பாட் இடம் மாறியிருக்கிறது. ஒரு புள்ளியைத் தொடும் எல்லாக் கோடுகளிலும் தவறினால் அந்தப் படத்தின் வடக்கு விலகலே பிழை. ஒரு முனையில் எண்ணே இல்லை என்றால், அங்கே போனவர் திரும்பிவர வழி வைக்க மறந்துவிட்டீர்கள்.