டெக்சஸுக்கு எம்.எஸ். படிக்க வருகிறீர்களா? அந்த ஆயிரம் டாலர் கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்

ஒவ்வோர் ஆகஸ்டிலும் டாலஸ், ஆர்லிங்டன், ஹூஸ்டன் பக்கம் நம் ஊர்ப் பிள்ளைகள் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். பெட்டியில் பருப்புப் பொடியும் குக்கரும், கைப்பையில் ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைப் படிவம்). சிலரிடம் அதோடு இன்னொரு கடிதமும் இருக்கும்: ஆண்டுக்கு 1,000 டாலர் மெரிட் ஸ்காலர்ஷிப். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கிய அப்பா அதைப் பார்த்து, "ஒரு லட்சம்கூட வராதே" என்று உதட்டைப் பிதுக்கியிருப்பார். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கடிதத்தைப் பற்றித்தான்.

விசா, சேவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுப் பதிவேடு) கட்டணம், தடுப்பூசிச் சான்று, விமான நிலையத்தில் யார் அழைத்துப் போவார்கள் என்பதெல்லாம் சீனியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் ஓடுகிறது. அவற்றை நான் தொடவில்லை. ஒன்று மட்டும்: ஸ்காலர்ஷிப் கிடைத்தது ஐ-20 வந்த பிறகு என்றால், செலவுக் கணக்கைத் திருத்திப் புது ஐ-20 கேளுங்கள். நேர்காணலில் காட்ட வேண்டிய தொகை குறையும்.

இப்போது கணக்கு. டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்மாநிலத்தாருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு ஒரு கட்டணம். ஓக்லஹோமாவிலிருந்து வருபவரும் ஒரத்தநாட்டிலிருந்து வருபவரும் இதில் ஒரே வரிசைதான். உள்மாநிலத்தாருக்குச் சட்டம் வைத்திருக்கும் டியூஷன் ஒரு கிரெடிட்டுக்கு 50 டாலர். (கிரெடிட் என்பது பாடத்தின் அளவுக்கான அலகு; மூன்று பாடம் எடுத்தால் வழக்கமாக ஒன்பது கிரெடிட்.) வெளியாருக்கு எவ்வளவு என்பதை மாநில உயர்கல்வி வாரியம் ஆண்டுதோறும் அறிவிக்கும். டெக்சஸ் தவிர்த்து மக்கள்தொகை அதிகமுள்ள ஐந்து மாநிலங்களில் வெளியாரிடம் வாங்கும் தொகையின் சராசரி அது. இரண்டுக்கும் இடைவெளி கிரெடிட்டுக்குச் சுமார் 400 டாலர். இதற்கு மேல் பல்கலைக்கழகம் தானாகப் போடும் கட்டணங்கள் தனி. எம்.எஸ். மாணவர் வழக்கமாக எடுக்கும் ஒன்பது கிரெடிட்டுக்குப் பார்த்தால், ஒரு செமஸ்டருக்கு வித்தியாசம் மட்டுமே 3,600 டாலர் அளவில் வரும். மூன்று லட்ச ரூபாய்.

மாநிலக் கல்விச் சட்டத்தின் 54.213ஆம் பிரிவு இங்கேதான் வருகிறது. குறைந்தது 1,000 டாலர் மதிப்புள்ள ஸ்காலர்ஷிப்பைப் போட்டியில் வென்ற வெளியாருக்கு உள்மாநிலக் கட்டணமே போதும், அவர் வெளிநாட்டவராக இருந்தாலும். அந்தப் போட்டியில் டெக்சஸ் மாணவர்களும் இருந்திருக்க வேண்டும், பல்கலைக்கழகத்தின் ஸ்காலர்ஷிப் குழு கொடுத்ததாகவும் இருக்க வேண்டும். ஊரில் உங்கள் சமூக அறக்கட்டளை கொடுத்த ஒரு லட்சம் இந்தக் கணக்கில் சேராது. ஆக, ஆயிரம் டாலர் கடிதம் ஒன்று ஆண்டுக்கு ஏழாயிரம், எட்டாயிரம் டாலர் வரை மிச்சப்படுத்தும். சென்னையில் கன்சல்டன்சி வைத்திருப்பவர்கள் பலர் இதைச் சொல்வதே இல்லை. "டெக்சஸ் சீப்" என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. என் நண்பனை அனுப்பியவர் அந்தக் கடிதத்தை, "சின்னத் தொகை, கண்டுக்காதீங்க" என்று சொல்லியே கையில் கொடுத்தார்.

எல்லா ஆயிரம் டாலரும் இந்தச் சலுகையோடு வருவதில்லை. இப்படிச் சலுகை பெறுபவர்கள் மொத்த மாணவர்களில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதே சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. அதனால் பணத்தை மட்டும் கொடுத்து வெய்வரை (வெளியார் கட்டணத்திலிருந்து விலக்கு) கொடுக்காத துறைகளும் உண்டு. கடிதத்தில் உள்மாநிலக் கட்டணம் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், கிளம்பும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்தச் சலுகையில் ஒளிந்திருக்கும் பொறிக்கு வருகிறேன்.

கவுன்சலிங்கில் கவர்ன்மென்ட் கோட்டாவில் ஒரு முறை சீட் எடுத்துவிட்டால் நான்கு வருடமும் நாம் கவர்ன்மென்ட் கோட்டாதான். அரியர் வைத்தாலும் யாரும் நம்மை மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு மாற்றிக் கட்டணம் கேட்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்திலேயே இங்கும் வந்து நிற்கிறோம். இங்கே இந்தச் சலுகை ஸ்காலர்ஷிப்பின் வாலில் கட்டியிருக்கிறது. ஸ்காலர்ஷிப் போனால் சலுகையும் போகும், செமஸ்டர் நடுவிலும் போகும்.

என் அறைத்தோழன் கரூர்க்காரன். மெக்கானிக்கல் முடித்துவிட்டு டேட்டா சயின்ஸுக்கு வந்தவன். முதல் செமஸ்டரில் எடுத்த மூன்று பாடங்களில் அல்காரிதம் வகுப்பு அவனைப் புரட்டிப் போட்டது. இரண்டாவது வாரத்திலேயே தூக்கம் போய்விட்டது. அபார்ட்மெண்ட்டில் இருந்த சீனியர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்: "பன்னிரண்டாவது வகுப்பு நாளுக்குள் ட்ராப் பண்ணிடு. மார்க்‌ஷீட்டில் W விழாது." W என்றால் பாடத்தைப் பாதியில் விட்டதற்கான குறி.

அந்தப் பன்னிரண்டாவது நாள் டெக்சஸ் மாநிலம் முழுமைக்கும் பொதுவான கணக்கெடுப்பு நாள். ஃபால், ஸ்பிரிங் செமஸ்டர்களில் யார் எத்தனை கிரெடிட் படிக்கிறார்கள் என்பதை அன்றுதான் பல்கலைக்கழகம் அரசுக்குக் கணக்குக் காட்டும். கோடை வகுப்புகளுக்கு நான்காவது நாள்.

பையன் விவரமானவன்தான். எஃப்-1 மாணவர் விசாவில் முழுநேரமாகப் படிக்காவிட்டால் சிக்கல் என்று தெரிந்து, முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போனான். அங்கே டிஎஸ்ஓ (மாணவர் விசா விவகாரங்களைப் பார்க்கும் பல்கலைக்கழக அதிகாரி) பொறுமையாகக் கேட்டார். முதல் முறை அமெரிக்கக் கல்வி முறைக்கு வருபவர் திணறினால் ஒரு செமஸ்டருக்குப் பாடத்தைக் குறைத்துக்கொள்ள விதியில் இடமிருக்கிறது. தேவையான கிரெடிட்டில் பாதியாவது படித்தால் போதும். அனுமதி வாங்கிய பிறகுதான் ட்ராப் செய்ய வேண்டும். எல்லாம் முறையாக நடந்தது. சேவிஸில் பதிவாயிற்று, புது ஐ-20 வந்தது, பாடத்தை ட்ராப் செய்தான். அன்றைக்கு அறையில் பிரியாணி.

ஸ்காலர்ஷிப் கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக் கடைசி வரியில், கணக்கெடுப்பு நாளன்று ஒன்பது கிரெடிட் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அவனிடம் அன்று ஆறுதான். ஸ்காலர்ஷிப் ரத்து, வெய்வர் ரத்து. அந்த ஆண்டு முழுமைக்குமான கடிதம் அது என்பதால் ஸ்பிரிங் செமஸ்டருக்கும் சேர்த்துப் போயிற்று. கட்டண அலுவலகம் வெளியாருக்கான பில்லை ஏற்றிவிட்டது. எல்லாம் கூட்டினால் ஏழாயிரம் டாலரை நெருங்கியது. "டிஎஸ்ஓ ஒப்புக்கொண்டாரே" என்று அனுமதிக் கடிதத்தை நீட்டினால், "அது விசாவுக்கு. இது ஸ்காலர்ஷிப்புக்கு" என்று பதில். சொன்ன பெண்மணி சிரித்த முகமாகத்தான் சொன்னார். இந்த ஊரில் மறுப்பதையும் இனிமையாகத்தான் சொல்வார்கள்; எனக்கு அதில்தான் அதிக எரிச்சல். நம் ஊரில் ஒரு கிளார்க் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது, "போய் ஏ.ஓ.வைப் பாருங்க" என்று வழி காட்டுவார்.

வேடிக்கை என்னவென்றால், அதே பாடத்தை ஒரு வாரம் தள்ளி ட்ராப் செய்திருந்தால் கணக்கெடுப்பு நாளன்று அவனுக்கு ஒன்பது கிரெடிட் இருந்திருக்கும். மார்க்‌ஷீட்டில் ஒரு W விழுந்திருக்கும், அவ்வளவுதான். நம்மவர்கள் W-ஐ அரியர் மாதிரி நினைத்து நடுங்குகிறோம். அதற்கு மதிப்பெண் கிடையாது, சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏவை அது தொடாது. ஆனால் செமஸ்டர் முழுக்க ஒன்பது கிரெடிட்டை வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் கடிதங்களும் உண்டு. அதனால் இதையும் ஒரு சூத்திரமாக எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். உங்கள் கடிதம் என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம்.

ஒரு பாடத்தை விடுவதற்கு முன் விசாவைப் பார்ப்பவர், ஸ்காலர்ஷிப்பைப் பார்ப்பவர், கட்டணத்தைப் பார்ப்பவர் ஆகிய மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். "ட்ராப் பண்ணலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் "தாராளமாக" என்றுதான் வரும். "நான் ஆறு கிரெடிட்டுக்கு இறங்கினால் என் போட்டி ஸ்காலர்ஷிப்பும் உள்மாநிலக் கட்டணமும் நீடிக்குமா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கவுன்டரில் வாய்வார்த்தையாகக் கேட்டதற்குச் சாட்சி கிடையாது.

அதைவிட நல்லது, விடுவதற்குப் பதில் மாற்றிக்கொள்வது. முதல் சில நாட்களுக்குப் புதுப் பாடம் சேர்க்கும் வசதி திறந்திருக்கும், அது பன்னிரண்டாவது நாளுக்கு முன்பே மூடிவிடும். முதல் வாரத்திலேயே தலை சுற்றினால் லேசான ஒரு பாடத்துக்கு மாறுங்கள். ஆன்லைன் பாடமாகத் தேடும்போது கவனம்: எஃப்-1 மாணவருக்கு முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஓர் ஆன்லைன் பாடம்தான் சேரும்.

ஜிபிஏவும் இப்படித்தான். பல கடிதங்கள் 3.0 கேட்கும். மூன்று பாடத்தில் இரண்டு B, ஒரு C வாங்கினால் 2.67. கல்லூரியில் யூனிவர்சிட்டி ரேங்க் வாங்கியவர்களும் முதல் செமஸ்டரில் இங்கே C பார்த்திருக்கிறார்கள். அதனால் முதல் செமஸ்டரில் வீரம் காட்டிக் கடினமான பாடங்களை அடுக்க வேண்டாம்.

இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. படிப்போடு தொடர்புள்ள வேலையில் குறைந்தது அரைநேர டீச்சிங் அசிஸ்டென்டாகவோ (டீஏ) ரிசர்ச் அசிஸ்டென்டாகவோ இருப்பவருக்கும் உள்மாநிலக் கட்டணம்தான். அரைநேரம் என்றால் வாரத்துக்கு 20 மணி நேரம். மணிக்கூலிக்குப் பேப்பர் திருத்தும் கிரேடர் வேலையும் கேன்டீன் வேலையும் இதில் சேராது. பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது, "மதிப்பிற்குரிய ஐயா" பாணியில் நீளமாகக் கெஞ்சாமல், அவருடைய எந்த ஆய்வில் உங்களால் என்ன செய்ய முடியும் என்று நாலு வரி எழுதுங்கள். கரூர்க்காரனுக்கு இரண்டாம் வருடம் கைகொடுத்தது இதுதான். அவன் டீஏவாகப் போய் நின்றது அதே அல்காரிதம் பாடத்துக்கு. எனக்கு இன்னும் பெருமை தாங்கவில்லை.

ஏற்கெனவே சலுகையை இழந்துவிட்டீர்கள் என்றால், பில் வந்த அன்றே இரண்டு காரியம் செய்யுங்கள். ஸ்காலர்ஷிப் குழுவுக்கு மேல்முறையீடு எழுதி, டிஎஸ்ஓ கொடுத்த அனுமதியை அதோடு இணையுங்கள். கட்டண அலுவலகத்தில் தவணைத் திட்டம் கேளுங்கள். பாக்கி நின்றால் கணக்கில் ஹோல்டு விழும்; ஹோல்டு இருந்தால் அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பதிவு செய்ய முடியாது; பதிவு இல்லையென்றால் விசாவில் கை வைப்பார்கள். அவசரக் கடன் பல இடங்களில் உண்டு, வெளிநாட்டு மாணவருக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். கிரெடிட் கார்டில் மொத்தத்தையும் தேய்க்க வேண்டாம், அதற்குத் தனியாக ஒரு கட்டணம் பிடிப்பார்கள், வட்டி அதற்கு மேல்.